'நல்லா இருக்காங்க' என்று நான் எழுதிய நாள்

நம் அலுவலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் அக்கா என்று கேட்டிருந்தீர்கள். நல்ல வார்த்தை எதுவும் இப்போது என்னிடம் இல்லை. கோபம்தான் இருக்கிறது. அதையே எழுதுகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

போன வாரம் எனக்கு நெஞ்சு வலி வந்ததும் என்னைச் செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் உங்களுக்குத் தெரியும். என் தம்பி உங்களைக் கூப்பிட்டு, மஸ்கட்டில் இருக்கும் என் மகனுக்குச் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவான் என்று சொல்லியிருக்கிறான். அன்று மதியம் என் மகன் நம் அலுவலக எண்ணுக்கே எழுதிக் கேட்டிருக்கிறான்: அம்மா போன் எடுக்கவில்லை, யாராவது வீட்டுப் பக்கம் போய்ப் பார்த்துச் சொல்ல முடியுமா? உங்களில் ஒருவர் பதில் போட்டிருக்கிறீர்கள்: "அம்மா நல்லா இருக்காங்க சார். போன் சார்ஜ்ல இருக்கு." கூடவே கை கூப்பும் பொம்மை ஒன்று. அந்த நேரத்தில் என் மூக்கில் குழாய் மாட்டியிருந்தது.

அன்பால் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த அன்பைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள்.

உங்களைத் திட்டும் தகுதி எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், இதே தப்பை உங்களுக்கு முன்னால் நான் செய்திருக்கிறேன். இதே வார்த்தையை, இதே எண்ணிலிருந்து. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர் அதிகம் பேசாதே என்றார். எழுதாதே என்று சொல்லவில்லை.

நான் ஒன்பது வருஷம் வளைகுடாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் நர்ஸாக இருந்தவள். திரும்பி வந்ததும் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், இரண்டு நாற்காலி போட்டு இந்த அலுவலகத்தை ஆரம்பித்தேன். நம் பக்கத்து ஆட்கள் எங்கெங்கோ வேலைக்குப் போகிறார்கள். மறைமலைநகர் கம்பெனிகளிலிருந்து போகிற ஃபிட்டர், கல்பாக்கத்திலிருந்து போகிற இஞ்சினியர், மாமல்லபுரத்திலிருந்து கோயில் கட்டப் போகிற சிற்பி. போய் இறங்கும் ஊரில் அவர்களைச் சேர்த்துக்கொள்ள நம் ஆட்களின் குழு ஒன்று இருக்க வேண்டும். இங்கே அவர்கள் வீட்டில் ஒன்று என்றால் நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். நம் தொழில் மொத்தமும் அவ்வளவுதான். போய்ப் பார்க்கணும், பார்த்ததைச் சொல்லணும். இரண்டாவதைச் செய்யாவிட்டால் முதலாவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஏழுமலை மாமல்லபுரத்துச் சிற்பி. அந்த ஊரில் பட்டறை வைத்திருக்கும் ஒரு காண்ட்ராக்டர் அவனை மலேசியாவில் ஈப்போ பக்கம் ஒரு கோயில் வேலைக்கு அனுப்பினார். கிளம்பும் முன்பு நம்மிடம் உறுப்பினராகச் சேர வந்தான். பட்டறையிலிருந்து நேரே பஸ் ஏறியிருப்பான் போல, காது மடலெல்லாம் கல் தூசி. படிவத்தை நிரப்பினான். அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்ற இடத்தில் தங்கை செல்வியின் பெயரை எழுதினான். எழுதிவிட்டுப் பேனாவை வைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"இன்னாப்பா?" என்றேன்.

"அக்கா, இது எங்க எழுதறதுன்னு தெரியல. அம்மாவுக்கு ஒன்னுன்னா நீங்க எனக்குச் சொல்லிடணும். எங்க வூட்ல சொல்ல மாட்டாங்க. அப்பா செத்தப்ப நான் சிங்கப்பூர்ல வேலைல இருந்தேன். பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிஞ்சப்புறம்தான் சொன்னாங்க. அதுக்குள்ள நான் அவருக்கு ரெண்டு சட்ட வாங்கி வெச்சிட்டேன்."

"சொல்றேன்."

"சுத்தி வளைக்காத சொல்லிடணும்கா."

"அட, சொல்றேன்னா சொல்றேன்டா. கெளம்பு, பஸ்ஸ உட்டுடப் போற."

அவன் முன்னாலேயே படிவத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: அம்மா விஷயம் – நேரடியாக இவரிடம். அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அவன் எழுந்தான்.

எட்டு மாதம் ஓடியது. தினமும் டீ நேரத்தில் அம்மாவைக் கூப்பிடுவான். இரண்டு நிமிஷப் பேச்சு, சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அவ்வளவுதான். அந்தக் கோயிலில் மூலவருக்குக் கண் திறக்கும் வேலை அவனுக்கு வந்தது. சிலை முழுவதும் முடிந்து, கும்பாபிஷேகத்துக்கு முன்னால் நல்ல நேரம் பார்த்துக் கடைசியாகக் கண்ணில் உளி வைப்பார்கள். அது எல்லாருக்கும் கிடைக்கிற வேலை இல்லை. அவன் அம்மா முனியம்மா தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை கண் திறப்பு. திங்கட்கிழமை காலையில் முனியம்மா குழாயடியில் விழுந்துவிட்டார்.

செல்வி எனக்குப் போன் செய்தாள். செங்கல்பட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்து சேரும்போது நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, வலது கை தூக்க வரவில்லை. ஆனால் என்னைப் பார்த்ததும் கண் அடையாளம் கண்டுகொண்டது. இரண்டு நாள் தாண்டலாம், தாண்டாமலும் போகலாம் என்று எனக்கு அப்போதே தெரியும். நான் நர்ஸ். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளும் வசதிகூட எனக்கு இல்லை.

மலேசியாவிலிருந்து சென்னைக்கு நாலு மணி நேரம். போனை எடுத்தேன். எதிரில் அந்த அம்மாவின் தம்பி, ஏழுமலையின் தாய்மாமன், வந்து நின்றார். கூடவே காண்ட்ராக்டர்.

"யாருக்குப் போடறீங்க?" என்றார் காண்ட்ராக்டர்.

"ஏழுமலைக்கு."

"வேணாங்க. இப்ப சொன்னீங்கன்னா உளியப் போட்டுட்டு ஓடியாந்துடுவான். வெள்ளிக்கிழம கண்ணு தொறக்கணும். அங்க ஊரே காத்துகினு கீது."

"வரட்டுமே. அந்தம்மாவுக்கு நாளைக்கு இன்னா ஆவும்னு யாருக்குங்க தெரியும்?"

"அதத்தாங்க நானும் சொல்றேன். ஒன்னு ஆயிட்டா தீட்டு. காதுல உழுந்த நிமிஷத்துலேர்ந்து அவன் சிலையத் தொடக்கூடாது. காதுல உழாத வரைக்கும் தீட்டு கெடையாது. வெள்ளிக்கிழம முடியட்டும், நானே டிக்கெட் போட்டுக் கூட்டியாறேன்."

மாமன் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியாதுக்கா. நீங்க பாய் வூட்டுக்காரங்க. தப்பா எடுத்துக்காதீங்க. எங்க அக்காவே சொல்லிச்சு, புள்ளைக்குச் சொல்லாதீங்கன்னு."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பயந்துபோனேன். ஒரு கோயில் கும்பாபிஷேகம் நின்றுபோக ஒரு முஸ்லிம் பொம்பளை காரணம் என்று நாளைக்கு ஒருவன் சொன்னால் என் அலுவலகம் என்ன ஆகும், என் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று அந்த ஒரு நிமிஷத்தில் மனசு எங்கெங்கோ ஓடியது. போனைப் பைக்குள் போட்டேன். 'அவங்க வழக்கம், நமக்கென்ன' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு மரியாதை என்று பேர் வைத்துக்கொண்டேன். மரியாதையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. சுத்தமான கோழைத்தனம். ஏழுமலை என்னைத் தேடி வந்ததே நான் அவன் வீட்டுக்கு வெளியே இருக்கிறவள் என்பதால்தான். அவன் வீட்டார் அமுக்கினால் அமுங்காத ஒரு ஆள் வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். முனியம்மா உண்மையிலேயே அப்படிச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கட்டில் இருபது அடி தூரத்தில் இருந்தது. உள்ளே போய்க் குனிந்து, "ஏழுமலைய வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டிருந்தால் கண்ணாலாவது பதில் சொல்லியிருப்பார். போகவில்லை. போனால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அதனால் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை அவன் டீ நேரத்தில் செய்தி வந்தது. "அக்கா, அம்மா போன் எடுக்கல. செல்வி டிஸ்ப்ளே ஒடஞ்சிடுச்சுன்றா. மனசு சரியில்ல. வூட்ல எல்லாம் நல்லா கீறாங்களா?"

அவன் படிவம் என் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியில்தான் இருந்தது. சிவப்பு மையோடு. நான் திரும்பிப் பார்க்கவில்லை. "நல்லா இருக்காங்க. வேலையைப் பாரு" என்று எழுதினேன். வேறு யாரையும் எழுத வைக்கவில்லை, நானேதான் எழுதினேன்.

"சரிக்கா, நீங்க சொன்னா சரி" என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை காலையில் முனியம்மா போய்விட்டார். மத்தியானமே மாமல்லபுரத்தில் எடுத்துவிட்டார்கள். மகன் வைக்க வேண்டிய கொள்ளியைத் தங்கை புருஷன் வைத்தான். அதற்கு முன்பே நான் இன்னொரு வேலையும் செய்திருந்தேன். ஈப்போவில் நம் குழுவில் நாற்பது பேர் இருந்தார்கள். யாரும் எதுவும் போடக்கூடாது, வெள்ளிக்கிழமை வரைக்கும் வாய் திறக்கக்கூடாது என்று ஒவ்வொருவருக்கும் நானே சொன்னேன். அவனோடு ஒரே அறையில் படுத்துத் தூங்கிய இரண்டு பேருக்குத் தெரியும். சோறு போடுகிறவருக்குத் தெரியும். ஏழுமலைக்குத் தெரியாது. அங்கே போய் யாரும் தனியாக நிற்கக்கூடாது என்று வருஷக்கணக்காக ஆள் சேர்த்த குழு அது. அதை வைத்தே ஒருவனைச் சுற்றி வேலி கட்டினேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே காறித் துப்பலாம் போல இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவன் குரல் பதிவு ஒன்று வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பேசியிருந்தான், பின்னால் நாதஸ்வரம்.

"அக்கா, கண்ணு தொறந்துட்டேன்கா. கை நடுங்கவே இல்ல. அம்மா இன்னும் போன் எடுக்க மாட்டேங்குது. இதக் கொண்டுபோயி நீங்களே நேர்ல காட்டுங்கக்கா. மொதல்ல அம்மாகிட்ட காட்டுங்க."

கூடவே சிலையின் படம்.

நான் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வேன், சொல்லுங்கள். யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவேன்? காண்ட்ராக்டரைக் கூப்பிட்டேன். "சாயங்காலம் வரைக்கும் இருங்க, இன்னும் கொஞ்சம் சடங்கு கீது" என்றார். அந்த வார்த்தை வரும்வரை எனக்குக் கோபமே வரவில்லை என்பதுதான் கேவலம். போனை வைத்துவிட்டு ஏழுமலைக்குப் போட்டேன்.

சுற்றி வளைக்கவில்லை. அதை மட்டுமாவது அவன் கேட்டபடி செய்தேன். "ஏழுமலை, அம்மா நேத்து காலைல தவறிட்டாங்க. திங்கக்கெழம விழுந்தாங்க. எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றேன்.

 நாதஸ்வரம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, கணக்கு கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டான்:

"நீங்க செவ்வாக்கெழம எழுதினீங்களேக்கா, நல்லா இருக்காங்கன்னு. அப்ப அம்மா உசுரோட இருந்துச்சா?"

"இருந்தாங்கப்பா."

"பேசிச்சா?"

"கொஞ்சம் பேசினாங்க."

"சரிக்கா" என்றான். வைத்துவிட்டான்.

சனிக்கிழமை வந்து சேர்ந்தான். வீட்டுக்குப் போகவில்லை, நேரே நம் அலுவலகத்துக்கு வந்தான். ஆஸ்பத்திரியில் அம்மா இருந்த இடத்தைக் காட்டச் சொன்னான். கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் கட்டிலில் வேறொரு அம்மா படுத்திருந்தார், காலில் கட்டு. இவன் கட்டில் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். அந்த அம்மா தலையைத் தூக்கிப் பார்த்து, "யாருப்பா நீ? யாரப் பாக்க வந்த?" என்று கேட்டார். இவன், "எங்க அம்மாவ" என்றான். அந்த அம்மாவும் பாவம், "எந்த வார்டுன்னு கீழ கேளுப்பா, சொல்வாங்க" என்றார். அவன் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

வாசலில் செல்வி நின்றாள். அவனைப் பார்த்ததும் காலில் விழுந்துவிட்டாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். பிள்ளைக்குச் சொல்லாதீர்கள் என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. மூன்று நாளும் போனைத் தலையணைக்கு அடியில் வைக்கச் சொல்லியிருக்கிறார். அவன் டீ நேரம் வந்தால் இடது கையால் தடவிப் பார்ப்பாராம். அது அடித்துவிடக் கூடாது என்று சத்தத்தை அணைத்து வைத்தது மாமன்.

"நீ ஏன்டி சும்மா இருந்த?" என்று நான் கத்தினேன்.

"நீங்களே சும்மா இருந்தீங்களேக்கா" என்றாள் செல்வி. "நீங்க சொல்லிடுவீங்கன்னுதான் நான் மொதல்ல உங்களுக்குப் போன் பண்ணேன்."

 

மறுநாள் ஈப்போவிலிருந்து அந்தக் கோயிலின் தலைமைச் சிற்பி, பெரியவர், என்னைக் கூப்பிட்டார். அவருக்கும் விஷயமே தெரியாது. "ஆத்தா படுத்துகினு கீதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே ஏத்தி உட்டிருப்பேனேம்மா. கண்ணு தொறக்க இங்க என்னையும் சேத்து நாலு பேரு கீறோம். சாமியா கேட்டுச்சு, பெத்தவள மறச்சுட்டு வந்து எனக்குக் கண்ணு தொறன்னு?" என்றார்.

நேராக மாமல்லபுரம் போனேன். பட்டறையில் ஆறு பேர் கல்லை அறுத்துக்கொண்டிருந்தார்கள், மெஷின் சத்தத்தில் காது போகும். காண்ட்ராக்டர் நாற்காலியில் இருந்தார். "யோவ், மெஷின நிறுத்தச் சொல்லு" என்றேன். நின்றது. "அங்க நாலு பேரு இருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியுங்க. ஆனா ஏழுமலை பேர நோட்டீசுல போட்டுட்டாங்க. பேரு மாறினா அடுத்த கோயில் நமக்குக் கெடைக்காது" என்றார்.

நோட்டீஸ்! அவன் பேர் அச்சாகிவிட்டதாம், அதனால் அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்கக்கூடாதாம். நான் அன்று அங்கே போட்ட சத்தம் கடற்கரைக் கோயில் வரை கேட்டிருக்கும். வாயில் வராத வார்த்தைகள் எல்லாம் வந்தன. கல் அறுக்கிற பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த ஆள் எழுந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் சரிங்கக்கா. நான் சொன்னா நீங்க ஏன் கேட்டீங்க?" என்றார்.

அத்தனை திட்டுக்கும் பதிலாக அவர் கேட்ட ஒரே கேள்வி அது. பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வரை அது என் காதிலேயே இருந்தது.

ஏழுமலை என்னைத் திட்டவில்லை. காரியம் முடிந்து ஒரு நாள் வந்து, தன் படிவத்தைக் கேட்டான். கொடுத்தேன். ஓரத்தில் இருந்த சிவப்பு வரியை ஒரு தரம் படித்தான். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனான். இன்றுவரை என்னோடு பேசவில்லை. எதிரில் பார்த்தால் மரியாதையாக ஒதுங்கி வழி விடுகிறான். அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியாது.

அதற்குப் பிறகுதான் நம் படிவத்தில் அந்தக் கேள்வி வந்தது. நீங்கள் எல்லாரும் தினமும் பார்க்கிறீர்கள்: 'வீட்டில் கெட்டது நடந்தால் உங்களுக்கு எப்போது, எப்படிச் சொல்ல வேண்டும்?' சிலர் உடனே என்கிறார்கள். சிலர் வேலை முடிந்து அறைக்கு வந்த பிறகு என்கிறார்கள். ஒருவர், என் அறைத் தோழனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறார். எதுவானாலும் அது அவர்கள் முடிவு. மாமன் முடிவு இல்லை, முதலாளி முடிவு இல்லை, அழுதுகொண்டு போன் செய்கிற தங்கை முடிவும் இல்லை. என் தம்பி முடிவு நிச்சயமாக இல்லை. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாது என்று சொல்வார்கள். ஆமாம், தெரியாது என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் போனை எடுங்கள்.

என் மகனின் படிவமும் அந்த அலமாரியில்தான் இருக்கிறது. 'உடனே' என்று எழுதியிருக்கிறான், அடியில் இரண்டு கோடு போட்டு. யாராவது திரும்பிப் பார்த்தீர்களா?

மூக்குக் குழாயைக் கழற்றியதும் நானே அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதான். பிறகு ஒன்று கேட்டான்: "அவங்க நல்லா இருக்காங்கன்னு எழுதினப்ப நீங்க எங்கம்மா இருந்தீங்க?" இந்தக் கேள்வி ஏற்கெனவே ஒரு தரம், ஏழுமலை வாயிலிருந்து, என் காதில் விழுந்திருக்கிறது. இந்தத் தரம் பதில் சொல்ல நான் உயிரோடு இருந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். அதில் உங்கள் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

அந்தப் பதிலை எழுதியது யார் என்று நான் கேட்கப் போவதில்லை. எழுதியவருக்குத் தெரியும். இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் என் மகன் எண்ணுக்குப் போடுங்கள். நான்தான் எழுதினேன், பொய் எழுதினேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். என் பிள்ளை, என் கோபம்தான் அவனுக்கும் வரும். கத்துவான். கண்டபடி பேசுவான். போனை வைத்துவிடாதீர்கள், கடைசி வரைக்கும் கேளுங்கள். ஏழுமலை எனக்கு அதைக்கூடக் கொடுக்கவில்லை.